இசைத்தட்டில் மறைந்திருந்த ரூட்கிட்: சோனி பி.எம்.ஜி. விவகாரம்

சோனி பி.எம்.ஜி. நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் விற்ற இசைக் குறுந்தகடுகள் பலவற்றில், பாடல்களோடு ஒரு மென்பொருளும் இருந்தது. குறுந்தகட்டை விண்டோஸ் கணினியில் போட்டதும் அது கணினிக்குள் பதிந்துகொள்ளும். பிறகு தன் கோப்புகள் யார் கண்ணிலும் படாதபடி மறைத்துக்கொள்ளும். பாடல்களைப் படியெடுப்பதைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட மென்பொருள்தான் அது. ஆனால் அது கையாண்ட முறை, கணினிக்குள் அத்துமீறி நுழைபவர்கள் தங்கள் தடயத்தை மறைக்கக் கையாளும் முறையேதான். இதனால் இலட்சக்கணக்கான கணினிகளின் பாதுகாப்பு பலவீனமடைந்தது. தகடுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் தொடரப்பட்டன, இசைத்தட்டுகளில் இத்தகைய பாதுகாப்பு மென்பொருளைச் சேர்க்கும் வழக்கமே சில ஆண்டுகளில் மறைந்துபோனது.

பூட்டு இல்லாத தகடு

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள, இசைக் குறுந்தகடு எப்படிப்பட்ட பொருள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்கான தரநிலையை 1980 இல் பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தன. 1982 இல் தகடுகள் கடைக்கு வந்தன. ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகத் தகட்டில் எழுதப்படுகிறது. அந்த எண்களுக்கு மறையாக்கம் எதுவும் கிடையாது. படிக்கத் தெரிந்த எந்தக் கருவியும் அவற்றை அப்படியே படிக்கலாம்.

இதை அன்றைய பொறியாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு தகட்டில் இருந்த தரவின் அளவு, அக்காலத்து வீட்டுக் கணினியின் சேமிப்புத் திறனைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் படியெடுத்து வைக்க ஒருவரிடமும் இடம் இல்லை. 1990களில் நிலைமை தலைகீழானது. கணினிகளில் குறுந்தகடு இயக்கிகள் வந்தன, வன்தட்டுகள் பெருத்தன, எம்பி3 வடிவம் பாடலைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. 1999 இல் நாப்ஸ்டர் வந்தபின், ஒருவர் வாங்கிய தகட்டின் பாடல்கள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. இசை நிறுவனங்கள் கலங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அவற்றுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஏற்கெனவே விற்கப்பட்ட கோடிக்கணக்கான வீட்டு இசைக்கருவிகளிலும் கார் கருவிகளிலும் புதிய தகடு பாட வேண்டும். ஆகவே பாடலுக்குப் பூட்டுப் போட முடியாது. அதே தகட்டைக் கணினி படிக்கக் கூடாது. கணினியில் இருப்பதோ அதே தகட்டைப் படிக்கும் அதே வகைக் கருவி!

முதலில் முயன்ற வழி, தகட்டின் அமைப்பிலேயே வேண்டுமென்று பிழைகளைப் புகுத்துவது. வீட்டுக் கருவி அந்தப் பிழையைப் பொருட்படுத்தாது, கணினியின் இயக்கி குழம்பிவிடும் என்பது கணக்கு. 2002 இல் இவ்வாறு வந்த சில தகடுகளின் வெளி விளிம்பில் சாதாரண மார்க்கர் பேனாவால் கோடு கிழித்தால் போதும், பாதுகாப்பு செயலிழந்துவிடும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தகடுகளில் சில, கார் கருவிகளில்கூடப் பாடவில்லை என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். தரநிலையை மீறிய தகடுகள் குறுந்தகட்டுச் சின்னத்தைத் தாங்கக் கூடாது என்று பிலிப்ஸ் நிறுவனமே சொல்லிவிட்டது.

அடுத்த வழி, தகட்டை விட்டுவிட்டுக் கணினியை மாற்றுவது. விண்டோஸ் 95 இலிருந்து ‘ஆட்டோரன்’ என்ற வசதி இருந்தது. தகட்டைப் போட்டதும் அதிலுள்ள நிரலைக் கணினி தானே ஓட்டும். மென்பொருள் நிறுவுவதை எளிமையாக்கக் கொண்டுவந்த வசதி இது. நம் ஊர்க் கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் பென் டிரைவ் மூலம் நச்சுநிரல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதைப் பார்த்தவர்களுக்கு இதே வசதியின் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். இசை நிறுவனங்கள் பாடல்களோடு ஒரு தரவுப் பகுதியையும் தகட்டில் சேர்த்தன. கணினியில் போட்டதும் அதிலிருந்து ஒரு மென்பொருள் ஓடி, கணினிக்குள் ஒரு காவலாளியை அமர்த்தும். அதன்பின் வேறெந்த நிரலாவது அந்தத் தகட்டிலிருந்து பாடலை எடுக்க முயன்றால், காவலாளி இரைச்சலைக் கலந்துவிடும்.

2003 இல் சன்காம் என்ற அமெரிக்க நிறுவனம் மீடியாமேக்ஸ் என்ற பெயரில் இவ்வகை மென்பொருளை விற்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் அதை ஆராய்ந்து, தகட்டைப் போடும்போது விசைப்பலகையின் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே ஆட்டோரன் நின்றுவிடும், பாதுகாப்பும் கிடையாது என்று எழுதினார். அந்த நிறுவனம் அவர்மீது 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தது. ஊர் சிரித்ததும் அடுத்த நாளே பின்வாங்கியது. விண்டோஸ் கையேட்டில் எழுதியிருந்த ஒரு விசையைச் சொன்னதற்கு வழக்கு!

ஆனாலும் ஹால்டர்மனின் ஷிஃப்ட் விசை ஒரு முக்கியமான உண்மையை வெளிப்படுத்தியது. கணினிக்குச் சொந்தக்காரர் விரும்பினால் அந்தக் காவலாளியை உள்ளே விடாமலே இருக்கலாம். உள்ளே வந்தபின் வெளியேற்றவும் செய்யலாம். அந்த மென்பொருளால் அவருக்கு நன்மை ஒன்றும் இல்லையாதலால், அவர் விரும்பி வைத்துக்கொள்ளப் போவதும் இல்லை. எனவே இப்படிப்பட்ட மென்பொருள் நிலைக்க வேண்டுமானால் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: கேட்காமல் நுழைய வேண்டும், வெளியேற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒற்று மென்பொருள் எழுதுபவர்களின் தேவையும் இதுதான். பின்னாளில் ஹால்டர்மனும் அவருடைய பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டனும் இந்த விவகாரத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினர். யாரோ சிலர் கெட்ட எண்ணத்தோடு செய்தது என்பதைவிட, எடுத்துக்கொண்ட வேலையே அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது என்ற அவர்களின் வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது.

ஒரு நிபுணரின் கணினியில்

மார்க் ரசினோவிச் விண்டோஸ் இயங்குதளத்தின் உள்ளமைப்பை நன்கறிந்த நிரலாளர். ‘சிஸ்இன்டர்னல்ஸ்’ என்ற தளத்தில் அவர் வெளியிட்ட இலவசக் கருவிகளை உலகெங்கும் உள்ள கணினி நிர்வாகிகள் பயன்படுத்தி வந்தனர். ரூட்கிட்களைக் கண்டறியும் கருவி ஒன்றையும் அவர் எழுதியிருந்தார். 2005 இல் அதன் புதிய பதிப்பைச் சோதிப்பதற்காகத் தன் சொந்தக் கணினியில் ஓட்டினார். மறைந்திருக்கும் ஓர் அடைவும், பல இயக்கிக் கோப்புகளும், ஒரு நிரலும் இருப்பதாக அது காட்டியது. அவர் கணினியில்!

இங்கே ரூட்கிட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் முழு அதிகாரம் படைத்த நிர்வாகிக் கணக்கின் பெயர் ‘ரூட்’. அந்த அதிகாரத்தைத் திருடிய ஒருவர், தான் உள்ளே இருப்பதை உண்மையான நிர்வாகி அறியாதபடி மறைக்கப் பயன்படுத்தும் கருவிப்பெட்டிதான் ரூட்கிட். ரூட்கிட் தானாக எதையும் அழிக்க வேண்டியதில்லை. மற்றொன்றை மறைத்து வைப்பதே அதன் தொழில்.

மறைப்பது எப்படி? ஒரு நிரல் தானே நேரடியாக வன்தட்டைப் படிப்பதில்லை. ‘இந்த அடைவில் என்னென்ன கோப்புகள் உள்ளன?’ என்று இயங்குதளத்தின் கருவகத்திடம் கேட்கிறது. கருவகத்தில் ஒரு அட்டவணை உண்டு. எந்தக் கேள்விக்கு எந்தச் செயற்கூறு பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ரூட்கிட் அந்த அட்டவணையைத் திருத்தி, கேள்வி முதலில் தன்னிடம் வரும்படி செய்கிறது. உண்மையான பதிலை வாங்கி, மறைக்க வேண்டிய பெயர்களை அடித்துவிட்டு, மீதியைக் கொடுக்கிறது. விடுதிக் காப்பாளரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டால், அவர் தனக்கு வேண்டிய நான்கு பேரின் பெயரை விட்டுவிட்டுப் பிரதி எடுத்துத் தருவதைப் போல. பதிவேட்டை மட்டும் நம்புகிறவருக்கு அந்த நால்வர் அங்கே இல்லை.

ரசினோவிச்சின் கருவி இரண்டு வழிகளில் எண்ணும். இயங்குதளத்திடம் கேட்டு ஒரு பட்டியல். வன்தட்டின் அமைப்பைத் தானே நேராகப் படித்து இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருள்.

அவர் நூலைப் பிடித்துக்கொண்டு போனார். மறைந்திருந்த இயக்கியின் குறிமுறையைப் பிரித்துப் படித்தபோது, மறைக்கும் விதி வெகு எளிதாக இருந்தது. டாலர் குறி, எஸ், வொய், எஸ், மீண்டும் டாலர் குறி என்று தொடங்கும் பெயர் எதுவானாலும் மறைத்துவிட வேண்டும். கோப்பாக இருக்கலாம், அடைவாக இருக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் நிரலாக இருக்கலாம், விண்டோஸ் பதிவேட்டின் உள்ளீடாகவும் இருக்கலாம். நோட்பேட் செயலியின் படி ஒன்றுக்கு அந்த முன்னொட்டோடு பெயரிட்டுப் பார்த்தார். அது காணாமல் போனது.

மறைந்திருந்த கோப்புகளில் ‘ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட்’ என்ற பிரித்தானிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்நிறுவனம் எக்ஸ்.சி.பி. என்ற படியெடுப்புத் தடுப்பு மென்பொருளைச் சோனி உள்ளிட்ட இசை நிறுவனங்களுக்கு விற்பதாக அறிந்ததும், தான் சில நாள்களுக்குமுன் அமேசானில் வாங்கிய வான் சான்ட் சகோதரர்களின் ‘கெட் ரைட் வித் த மேன்’ என்ற இசைத்தொகுப்பு அவர் நினைவுக்கு வந்தது. அதைத் தகட்டோடு வந்த இயக்கியில்தான் கணினியில் கேட்க முடிந்தது, மூன்று படிகளுக்கு மேல் எடுக்கவும் அது விடவில்லை.

கணினியின் சொந்தக்காரர் பணி மேலாளரைத் திறந்து பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, அதன் ஒரு பகுதி ‘பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்’ என்று விண்டோஸின் சொந்த உறுப்பைப் போன்ற பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நொடிக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களின் கோப்புகளையும் அது துழாவியது. பாட்டே கேட்காதபோதும் துழாவியது. பாதுகாப்புப் பயன்முறையில் கணினியைத் தொடங்கினாலும் அதன் இயக்கிகள் ஏறிவிடும்படி அமைத்திருந்தார்கள். ஒரு கணினி பழுதானால் கடைசிப் புகலிடமாக நாம் போகும் இடம் அது. அங்கேயும் பிழையுள்ள ஓர் இயக்கி வந்து உட்கார்ந்திருந்தால் மீள்வது கடினம்.

கோப்புகளைக் கையால் நீக்கியபோது அவருடைய குறுந்தகடு இயக்கியே விண்டோஸிலிருந்து மறைந்துவிட்டது. தகட்டுக்கும் விண்டோஸுக்கும் இடையிலான வழியில் எக்ஸ்.சி.பி. தன்னைச் செருகி வைத்திருந்தது. அதை மட்டும் எடுத்தால் வழி அறுந்துபோகும். ரசினோவிச் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர். கடையில் தகடு வாங்கிப் பாட்டுக் கேட்ட சாதாரண மனிதருக்கு, விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவுவதைத் தவிர வேறு வழி தெரிந்திருக்காது.

2005 அக்டோபர் 31 அன்று இவை அனைத்தையும் படங்களோடு தன் வலைப்பதிவில் வெளியிட்டார். உரிம ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு சிறு மென்பொருள் நிறுவப்படும் என்று மட்டுமே இருந்ததாகவும், அது மறைந்துகொள்ளும் என்றோ நீக்க வழியில்லை என்றோ சொல்லவில்லை என்றும் சுட்டிக்காட்டினார்.

மறைவிடம் எல்லோருக்கும் பொது

வாங்கிய பொருள் தன் வேலையை மறைவாகச் செய்கிறது என்பதோடு விஷயம் முடிந்திருந்தால், இது நுகர்வோர் குறையாக மட்டும் இருந்திருக்கும். கணினிப் பாதுகாப்புச் சிக்கலாக அதை மாற்றியது அந்த எளிய விதிதான். தன் கோப்புகளை மட்டும் மறைத்துக்கொள்ளும்படி எக்ஸ்.சி.பி. எழுதப்படவில்லை. அந்த முன்னொட்டை வைத்துக்கொண்ட எவரையும் அது மறைத்தது.

முதலில் இதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் விளையாட்டுக்காரர்கள். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஏமாற்று நிரல்களைத் தேடும் காவல் நிரல் ஒன்று உண்டு. ஏமாற்று நிரலின் பெயருக்கு முன்னால் அந்த ஐந்து குறிகளைச் சேர்த்தால், சோனி பி.எம்.ஜி. தகடு போட்ட கணினியில் காவல் நிரலுக்கு அது தெரியாது. நவம்பர் 10 ஆம் நாளளவில் உண்மையான தீநிரலே வந்துவிட்டது. மின்னஞ்சலில் படம் போல வந்த இணைப்பைத் திறந்தால், முன்னொட்டோடு கூடிய பெயரில் ஒரு பின்கதவு நிரல் கணினியில் அமர்ந்துகொள்ளும். எக்ஸ்.சி.பி. உள்ள கணினியில் நச்சுநிரல் எதிர்ப்பியால் அதைப் பார்க்க முடியாது. தாக்குபவர் ரூட்கிட் எழுதக் கற்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஒரு பெரிய நிறுவனம் அதை எழுதி, பணம் வாங்கிக்கொண்டு வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

நவம்பர் 4 அன்று அமெரிக்கப் பொது வானொலியில் சோனி பி.எம்.ஜி.யின் மின்னணு வணிகப் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, அப்படியிருக்க அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்பட ஒரு கேள்வியை எழுப்பினார். இந்த விவகாரத்தில் அதிகம் நினைவுகூரப்படுவது அந்த ஒரு பேச்சுதான். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஸ்டூவர்ட் பேக்கர் சில நாள்களில் மறைமுகமாக இதற்குப் பதில் சொன்னார். பாடல் உங்களுடைய சொத்தாக இருக்கலாம், கணினி உங்களுடையதல்ல என்பதை மறக்க வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம்.

நீக்கும் கருவியால் வந்த வினை

எதிர்ப்பு வலுத்ததும், மறைக்கும் பகுதியை மட்டும் நீக்கும் ஒரு திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கருவகத்திலிருந்து அந்த இயக்கியை அது உருவும் விதத்தில் கணினி நிலைகுலைந்து நீலத்திரை காட்ட வாய்ப்புண்டு என்று ரசினோவிச் காட்டினார். மென்பொருளை முழுவதும் நீக்க விரும்பியவர்கள் இணையப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, காரணம் சொல்லி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியில் கிடைத்த நீக்கி, நோயைவிட மோசமான மருந்தாக இருந்தது. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் ஓர் ஆக்டிவ்எக்ஸ் கூறினை நிறுவி, அதன் வழியே வேலை செய்தது. ஓர் இணையப்பக்கம் சொன்னால் அந்தக் கூறு குறிப்பிட்ட முகவரியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டும். சொல்வது நிறுவனத்தின் பக்கம்தானா, வந்த நிரல் நிறுவனத்துடையதுதானா என்று அது சரிபார்க்கவே இல்லை. வேலை முடிந்தபின்னும் கணினியிலேயே தங்கிவிட்டது. எனவே நீக்கியைப் பயன்படுத்திய ஒருவர் பின்னர் எந்தத் தீய இணையப்பக்கத்துக்குப் போனாலும், அந்தப் பக்கம் அவர் கணினியில் விரும்பிய நிரலை ஓட்டலாம். நவம்பர் நடுவில் ஃபெல்டனும் ஹால்டர்மனும் இதை அறிவித்ததும் நிறுவனம் அந்த நீக்கியைத் திரும்பப் பெற்றது. ரூட்கிட்டால் மற்றொரு தீநிரல் உள்ளே வந்தால்தான் ஆபத்து. நீக்கி விட்டுச்சென்ற ஓட்டையோ தீநிரல் உள்ளே வருவதற்கே வழி.

மீடியாமேக்ஸ் என்ற அந்தப் பழைய மென்பொருளும் வேறு பல சோனி பி.எம்.ஜி. தகடுகளில் இருந்தது. அது தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் உரிம ஒப்பந்தத்தை ஏற்க மாட்டேன் என்று சொன்னவர்களின் கணினியிலும் தன் கோப்புகளை வைத்துவிட்டுப் போனது. அந்த அடைவை எந்தப் பயனரும் மாற்றலாம் என்ற அளவுக்குத் திறந்து வைத்ததால், குறைந்த உரிமை கொண்ட ஒருவர் அங்கே தன் நிரலை வைத்து நிர்வாகி அதிகாரத்தைப் பெற முடிந்தது. டிசம்பரில் இதற்கு வெளியிட்ட திருத்தத்திலும் அதே வகைப் பிழை இருந்தது.

ஒப்பந்தம், உளவு, மௌனம்

உரிம ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தவர்களுக்கு வேறு வியப்புகள் காத்திருந்தன. வீடு புகுந்து யாராவது தகட்டைத் திருடிவிட்டால், கணினியில் உள்ள படியையும் நீங்கள் அழித்துவிட வேண்டும். நீங்கள் திவாலானாலும் அழிக்க வேண்டும். அலுவலகக் கணினியில் வைத்துக்கொள்ளக் கூடாது. மென்பொருளால் உங்களுக்கு என்ன இழப்பு வந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு 5 டாலருக்கு மேல் போகாது. ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்திய யாரும் இதைப் படித்திருக்க மாட்டார்கள். நானும் படித்திருக்க மாட்டேன்.

இதற்கிடையில், தகட்டோடு வந்த இயக்கி பாட்டைத் தொடங்கும்போதெல்லாம் நிறுவனத்தின் வழங்கியைத் தொடர்புகொண்டு, எந்தத் தொகுப்பு ஓடுகிறது என்பதற்கான எண்ணை அனுப்பியது. அட்டைப்படத்தையும் விளம்பரப் பதாகையையும் புதுப்பிக்கத்தான் என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால் கோரிக்கையோடு கணினியின் இணைய முகவரியும் போய்ச் சேரும் என்பதால், யார் எதைக் கேட்கிறார் என்று பதிவுசெய்ய வழி இருந்தது.

இந்தத் தொடர்பே பரவலை அளக்கவும் உதவியது. பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி ஒரு நல்ல உத்தியைக் கையாண்டார். ஒரு கணினி ஓர் இணையப்பெயரைத் தேடினால், அதற்கான எண் முகவரியை அருகிலுள்ள பெயர்வழங்கி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். ‘நீ போய்த் தேடாதே, ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் சொல்’ என்று உலகெங்கும் உள்ள பெயர்வழங்கிகளை அவர் கேட்டார். எக்ஸ்.சி.பி. தொடர்பான முகவரிகள் 5 இலட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்வழங்கிகளில் இருந்தன. இது பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை அல்ல. ஒரு பெயர்வழங்கிக்குப் பின்னால் ஒரு கணினியும் இருக்கலாம், ஓராயிரமும் இருக்கலாம். ஆனால் இராணுவ, அரசு வலையமைப்புகளும் அவற்றில் இருந்தன என்பதால் செய்தி சூடுபிடித்தது.

நச்சுநிரல் எதிர்ப்பி நிறுவனங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் ரசினோவிச்சுக்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்திலேயே இதைக் கண்டு சோனி பி.எம்.ஜி.யிடம் தனிப்பட்ட முறையில் தெரிவித்திருந்தது. மற்றவர்களோ மாதக்கணக்கில் தங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளில் இருந்த ஒரு ரூட்கிட்டைக் கண்டுகொள்ளவில்லை. விஷயம் வெளியான பின்னும் சிலர் மறைக்கும் பகுதியை மட்டும் தொட்டுவிட்டு, மென்பொருளை விட்டுவைத்தனர். பாதுகாப்பு எழுத்தாளர் புரூஸ் ஷ்னையர், பணம் வாங்கிக்கொண்டு நம்மைக் காக்க வேண்டியவர்கள் ஒரு பெரிய நிறுவனம் என்றதும் ஏன் தயங்கினர் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. முகம் தெரியாத ஒருவர் இதே நிரலை எழுதியிருந்தால் முதல் நாளே அதற்கு ஒரு நச்சுநிரல் பெயர் சூட்டியிருப்பார்கள்.

ஆய்வாளர்களின் தாமதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம், படியெடுப்புத் தடுப்பை உடைப்பதையே குற்றமாக்கியது. ஃபெல்டனும் ஹால்டர்மனும் எக்ஸ்.சி.பி.யின் குறைகளை முன்பே கண்டிருந்தும், வெளியிட்டால் வழக்கு வருமா என்று வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொண்டிருந்ததில் வாரங்கள் கழிந்தன. பூட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்கே பயப்பட வேண்டியிருந்தது. 2006 நவம்பரில் இசைத்தட்டுப் பாதுகாப்பைச் சோதிப்பதற்கு மட்டும் அச்சட்டத்திலிருந்து மூன்றாண்டு விலக்கு வழங்கப்பட்டது.

பதிப்புரிமையைக் காப்பதற்கென்றே பிறந்த எக்ஸ்.சி.பி.க்குள், லேம் என்ற கட்டற்ற எம்பி3 குறியாக்கியின் குறிமுறைப் பகுதிகள் உரிம நிபந்தனைகள் பின்பற்றப்படாமல் சேர்க்கப்பட்டிருந்ததும் வெளியானது.

திரும்பப் பெறுதலும் வழக்குகளும்

நவம்பர் நடுப்பகுதியில் சோனி பி.எம்.ஜி. எக்ஸ்.சி.பி. தகடுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. மொத்தம் 52 தொகுப்புகள். கடைகளுக்கு அனுப்பியவை ஏறத்தாழ 47 இலட்சம், அவற்றில் 21 இலட்சம் ஏற்கெனவே விற்றுவிட்டன. நீல் டைமண்ட், ரிக்கி மார்ட்டின் போன்றோரின் புதிய தொகுப்புகள் அந்தப் பட்டியலில் இருந்தன. டெக்ஸ்டர் கார்டனின் பழைய ஜாஸ் பதிவுகளும் இருந்தன. பாடகர்களில் பலருக்குத் தங்கள் தகட்டில் இப்படி ஒன்று இருப்பதில் உடன்பாடு இல்லை. ஸ்விட்ச்ஃபுட் என்ற இசைக்குழுவின் உறுப்பினர் ஒருவர், ரூட்கிட் செய்தி வெளியாவதற்கு முன்பே, பாதுகாப்பைத் தாண்டிப் பாடல்களைக் கணினிக்கு எடுப்பது எப்படி என்று தங்கள் ரசிகர்களுக்கு இணையத்தில் எழுதியிருந்தார்.

நவம்பர் 21 அன்று டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர், அவ்வாண்டு இயற்றப்பட்ட ஒற்று மென்பொருள் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தார். அதே நாளில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பும் வாங்கியவர்கள் சார்பில் நீதிமன்றம் சென்றது. 2006 மே மாதம் நியூயார்க் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, எக்ஸ்.சி.பி. தகடு வாங்கியவர் அதைக் கொடுத்துவிட்டுச் சாதாரணத் தகடு பெறலாம். கூடவே 7.50 டாலரும் ஒரு தொகுப்பைத் தரவிறக்கும் உரிமையும், அல்லது பணமின்றி மூன்று தொகுப்புகள். அவ்வாண்டு டிசம்பரில் டெக்சாஸ், கலிபோர்னியா ஆகியவற்றுக்குத் தலா 7.5 இலட்சம் டாலரும், வேறு 40 மாநிலங்களுக்குச் சேர்த்து 42.5 இலட்சம் டாலரும் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2007 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டில், கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர வேண்டும், இனி மென்பொருள் எதையும் நிறுவும்முன் தெளிவாகக் கேட்டு இசைவு பெற வேண்டும் என்பவை இருந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இத்தொகைகள் பெரிதல்ல. பெயர் கெட்டதுதான் உண்மையான இழப்பு.

அதன்பிறகு இசைத்தட்டுப் பாதுகாப்பு வேகமாக ஓய்ந்தது. பிற இசை நிறுவனங்களும் அதைக் கைவிட்டன. 2007 சூலையில் சோனி பி.எம்.ஜி.யே மீடியாமேக்ஸை உருவாக்கிய நிறுவனத்தின்மீது 1.2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. தடுப்பு மென்பொருள் இல்லாத பாடல்களை இணையத்தில் விற்க 2008 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டபோது, நான்கு பெரிய நிறுவனங்களில் அது கடைசியாக வந்தது. அவ்வாண்டே பெர்டல்ஸ்மன் குழுமத்தின் பங்கைச் சோனி வாங்கிக்கொள்ள, சோனி பி.எம்.ஜி. என்ற பெயரும் போனது.

ஆட்டோரன் மட்டும் இன்னும் சில காலம் நீடித்தது. 2008 இல் தொடங்கிப் பரவிய கான்ஃபிக்கர் புழு, பென் டிரைவ்கள் வழியே தாவ அதையே பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7 இல் யு.எஸ்.பி. சேமிப்பகங்களுக்கு அவ்வசதி நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் இதற்கான திருத்தம் வந்தது. 64 பிட் விண்டோஸில் கருவக அட்டவணையை யாரேனும் திருத்தினால் கணினியே நின்றுவிடும் பாதுகாப்பும் சேர்ந்துவிட்டது. 32 பிட் இயக்கிகள் அதில் ஏறவும் ஏறா.

திரும்ப வராத எக்ஸ்.சி.பி. தகடுகள் இன்றும் பழைய பொருள் சந்தைகளில் கைமாறக்கூடும். பின்னட்டையில் சிறிய எழுத்தில் உள்ள இணைய முகவரியில் அந்த மூன்று எழுத்துகளும் இருக்கும். பழைய எக்ஸ்.பி. கணினி வைத்திருப்பவர்கள் அதில் அவற்றைப் போடாமல் இருப்பது நல்லது. சாதாரண இசைக்கருவியில் போட்டால், பாடல்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஒலிக்கும்.